நீயும் தாங்களும்: டோல்கீன் புனைந்த உலகில் பெயரும் பட்டமும்

கோண்டோர் என்னும் நாட்டின் தலைநகரான மினாஸ் திரித்துக்குள் பிப்பின் என்னும் இளைஞன் நுழைகிறான். நான்கடி உயரமே உள்ளவன். ஷயர் என்னும் அமைதியான வேளாண் நிலத்திலிருந்து வந்தவன். நாட்டை ஆளும் டெனெத்தோர் முன் அவன் நிறுத்தப்படுகிறான். கேட்டவற்றுக்கு விடை கூறுகிறான். தன் வாளை அவன் காலடியில் வைத்துப் பணியேற்கிறான். வெளியே வந்தபின் பார்த்தால் நகரெங்கும் ஒரு வதந்தி. குறுமாந்தரின் இளவரசர் வந்திருக்கிறாராம். ஐயாயிரம் வாள்வீரரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். பிப்பின் மறுத்தும் பயனில்லை. மறுப்பையும் பெருந்தன்மையின் அடையாளமாகவே மக்கள் கொள்கின்றனர்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையை ஆங்கிலத்தில் படித்த மாணவர் பலருக்கு இந்நிகழ்ச்சி நினைவில் இருக்கலாம். இவ்வதந்தி ஏன் பிறந்தது என்பதைக் கதைக்குள் தேடினால் முழு விடை கிடைக்காது. 1955இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில், மொழிகளைப் பற்றிய பகுதியில், ஆசிரியர் அதனைச் சொல்லிவைத்திருக்கிறார். அவ்வுலகின் பொதுமொழியில் முன்னிலைப் பெயர் இருவகைப்படும்: நெருங்கியவரிடம் வழங்கும் இயல்பு வடிவம் ஒன்று, மேலோரிடம் வழங்கும் மதிப்பு வடிவம் ஒன்று. ஷயர் மக்களின் பேச்சில் மதிப்பு வடிவம் வழக்கொழிந்துவிட்டது. ஆகவே பிப்பின், நாடாள்பவனான டெனெத்தோரையும் ‘நீ’ என்றே அழைத்தான். முதியவனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம்; ஏவலர் திகைத்துப் போயினர். நாடாள்பவனை ‘நீ’ என்று விளிப்பவன் அவனுக்கு நிகரான குடிப்பிறப்பு உடையவனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினர்.

ஆங்கில நூலில் இதைக் காட்ட வழியில்லை. டெனெத்தோருக்கும் ‘யூ’, குதிரைக்காரனுக்கும் ‘யூ’. ஆசிரியர் தம் கதையின் ஒரு திருப்பத்தைப் பின்னிணைப்புக்கு அனுப்ப நேர்ந்தது ஆங்கிலத்தின் வறுமையால். தமிழில் சொல்வோர்க்கு அந்த வறுமை இல்லை. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நம்மிடம் படிகள் உள்ளன. ஆனால் படிகள் இருப்பதாலேயே ஒவ்வோர் உரையாடலிலும் எந்தப் படியில் நிற்பது என்று தீர்மானிக்கவேண்டிய கடமையும் வந்துசேர்கிறது. இந்தக் கடமையை இவ்வுரையில் நாம் சற்று விரிவாக நோக்க விரும்புகிறோம். பள்ளி மாணவர்கள் இத்தகைய கதைகளை ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே பேசி, இவை தமிழுக்குள் வாரா என்று எண்ணிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்குப் பிப்பினே முதற்சான்று.

ஆசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1892இல் பிறந்து 1973இல் மறைந்தவர். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் முதலில் பழைய ஆங்கிலத்துக்கும், பின்னர் ஆங்கில மொழி இலக்கியத்துக்கும் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன்னர் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதிப் பணியிலும் இருந்தார். கதைக்காக மொழி படைத்தவர் என்பதைவிட, தாம் படைத்த மொழிகள் வழங்குவதற்கு ஓர் உலகம் வேண்டுமென்று கதை படைத்தவர் என்பதே பொருந்தும். எனவே அவர் சூட்டிய பெயரும் பட்டமும் ஓசையின்பத்துக்காக வைத்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேர்ச்சொல்லும் வழங்கிய நிலமும் உண்டு.

பிப்பினுக்கு மீள்வோம். மொழிபெயர்ப்பவர் நல்லெண்ணத்தாலேயே இங்கு இடறி விழக்கூடும். முதியவர், நாடாள்பவர் என்று கருதிப் பிப்பின் வாயில் ‘தாங்கள்’ என்னும் சொல்லை வைத்துவிட்டால், வாக்கியம் அழகாக இருக்கும், கதை செத்துவிடும். அவன் ‘நீ’ என்றே பேசவேண்டும். வாயிற்காவலரும் ஏவலரும் ‘தாங்கள்’ என்றே பேசவேண்டும். அவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாசகர், வதந்தி பிறக்கும் இடத்தைத் தாமே காண்பர். அவ்வதந்தி முழுப்பொய்யும் அன்று என்பது கூடுதல் சுவை. பிப்பினின் தந்தை அப்போது ஷயரின் தெய்ன், அதாவது பரம்பரைத் தலைவர். அப்பட்டம் பின்னாளில் பிப்பினுக்கே வருகிறது.

அப்படியானால் ஷயர் மக்கள் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றே அழைக்கவேண்டுமா? தோட்டக்காரனான சாம், தன் தலைவன் ஃப்ரோடோவை ‘ஐயா’ என்றும் ‘நீ’ என்றும் ஒரே மூச்சில் விளித்தால் தமிழ்ச்செவிக்கு அது பொருந்தாது. இதற்கும் ஆசிரியரே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார். மதிப்பு வடிவங்கள் ஷயரில் முற்றும் அழியவில்லையாம். சிற்றூர் மக்களிடையே, சிறப்பாக மேற்குப் பகுதியில், எஞ்சியிருந்தனவாம். அவர்கள் அவற்றை அன்புச்சொற்களாக வழங்கினராம். குழந்தையை மடியில் இருத்தி ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று கொஞ்சும் தாயரைக் கண்ட நமக்கு இதில் வியப்பில்லை. சாம் வாழ்ந்த ஊர் அந்த மேற்குப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே சாம் ஃப்ரோடோவை ‘நீங்கள்’ என்று அழைப்பதற்கு இடமுண்டு. அச்சொல்லில் பணிவும் பாசமும் பிரிக்க இயலாதவாறு கலந்திருக்கும். அவர்களின் நட்பும் அத்தகையதே.

ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ‘தௌ’ என்னும் ஒருமை முன்னிலை இருந்தது. அது நம் ‘நீ’ போன்றது. இன்று பழைய நூல்களில் மட்டும் அதைக் காண்பதால், மாணவர்கள் அதனை உயர்வுச் சொல்லாகக் கருதிவிடுகின்றனர். டோல்கீன் இரண்டொரு இடங்களில் இச்சொல்லைக் கையாண்டு உறவின் மாற்றத்தைக் குறிப்பால் உணர்த்துகிறார். ரோஹான் நாட்டு அரசமகள் எயோவின், ஆபத்தான வழியில் செல்லப் புறப்பட்ட ஆராகோர்னைத் தடுத்துப் பேசுகிறாள். முதலில் ‘யூ’ என்றே பேசியவள், இடையில் ‘தௌ’ வடிவுக்கு மாறிவிடுகிறாள். அவனோ ‘யூ’ என்பதினின்று இறங்கவே இல்லை. ‘தாங்கள்’ என்று தொடங்கியவள் ‘நீ’ என்று முடிக்கிறாள். அவன் கடைசிவரை ‘தாங்கள்’ என்றே விடையிறுக்கிறான். காதலும் மறுப்பும் அந்த இரண்டு சொற்களுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன. ஆங்கிலம் படிக்கும் இன்றைய இளைஞர் பலர் இதனைக் கவனியாமலே கடந்துவிடுவர். தமிழ் வாசகர் ஒருவரும் கடக்கமாட்டார். இதே மாற்றம் சினத்துக்கும் உரியது. டெனெத்தோர் தன் இறுதி நாளில் மனம் சிதைந்து, முதிய கேண்டால்ஃபை நோக்கி ‘தௌ’ என்று இழித்துப் பேசுகிறான். ஒரே சொல், எயோவின் வாயில் ஏக்கம்; டெனெத்தோர் வாயில் எள்ளல். நம் ‘நீ’யும் அவ்வாறே தாயிடமும் தெய்வத்திடமும் பகைவனிடமும் ஒருங்கே செல்லும் சொல்.

கதைசொல்லியின் விகுதி

முன்னிலையைவிடக் கடினமானது படர்க்கை. ஆங்கிலத்தில் ‘ஹி’ என்பது அரசனுக்கும் ஆண்டிக்கும் பொது. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தார்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேராமல் கதைசொல்லி ஒரு வாக்கியத்தையும் முடிக்க இயலாது.

பிரீ என்னும் ஊரில் ஒரு விடுதி. மூலையில் நிழலில் ஒருவன் அமர்ந்திருக்கிறான். வெயிலிலும் மழையிலும் அடிபட்ட முகம், அழுக்கேறிய போர்வை, நீண்ட கால்கள். ஊரார் அவனை நம்புவதில்லை. விடுதிக்காரன் அவனைப் பற்றித் தாழ்ந்த குரலில் எச்சரிக்கிறான். இவனே கோண்டோரின் அரியணைக்குரிய ஆராகோர்ன் என்பதை வாசகர் பின்னர்தான் அறிவர். இங்கே ‘ஒருவர் அமர்ந்திருந்தார்’ என்று எழுதினால் கதையின் மறைபொருள் ஒரே விகுதியில் வெளிப்பட்டுவிடும். ‘அமர்ந்திருந்தான்’ என்று எழுதினால், பிறகு முடிசூடும்போது என்ன செய்வது? இடையில் ஒரு நாள் திடீரென்று ‘ஆர்’ விகுதிக்கு மாறுவதா?

இச்சிக்கலுக்குத் தமிழில் இரு வழிகள் முன்னரே உள்ளன. கல்கி, 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில், வந்தியத்தேவனுக்கு ‘ஆன்’ விகுதியும் பழுவேட்டரையருக்கு ‘ஆர்’ விகுதியும் தந்தார். அகவையும் பதவியும் விகுதியிலேயே தெரியும். இது நம் அன்றாட வழக்குக்கு அணுக்கமானது. கம்பரின் வழி வேறு. அங்கு இராமனும் தசரதனும் குகனும் எல்லாருமே ‘ஆன்’. கதைசொல்லி எவர்க்கும் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்பதில்லை. மதிப்பும் இழிவும் பாத்திரங்களின் பேச்சிலேயே வெளிப்படும்.

டோல்கீனைத் தமிழில் சொல்வதற்குக் காப்பிய வழியே சிறந்தது என்பது நம் கருத்து. இவ்வுரையில் பாத்திரங்கள் அனைவரையும் ‘அவன்’, ‘அவள்’ என்றே நாம் சுட்டிவருவதும் அதனாலேயே. கல்கியின் வழியில் சென்றால் கேண்டால்ஃபுக்கு ‘ஆர்’ தருவது எளிது. ஆராகோர்னுக்குத் தருவதில்தான் கதை உடைகிறது. தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியே இக்கதையின் உயிர்நாடி. விகுதி வாசகருக்கு முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது.

ஒருவனுக்குப் பல பெயர்

ஆராகோர்னின் பெயர்கள் ஒவ்வொன்றும் அவன் வாழ்வின் ஒரு பருவம். இரண்டு வயதில் தந்தையை இழந்தவன். பகைவர் அறியாதிருக்க, அவனை வளர்த்த எல்ராண்டின் இல்லத்தில் ‘எஸ்டெல்’ என்று அழைத்தனர். ‘நம்பிக்கை’ என்பது பொருள். இருபதாம் வயதில்தான் தன் உண்மைப் பெயரையும் மரபையும் அறிகிறான். பின்னர் வேற்றுப்பெயரில் ரோஹானிலும் கோண்டோரிலும் படைத்தொழில் செய்கிறான். அங்கே அவன் ‘தோரோங்கில்’, விண்மீன் கழுகு. கோண்டோரில் அவன் பெற்ற புகழைக் கண்டு இளம் டெனெத்தோர் மனம் வெந்ததும் அக்காலத்தில்தான். முடிசூடியபோது ‘எலெஸ்ஸார்’. அன்று அவனுக்கு வயது 88. நீண்ட ஆயுள் உடைய குடியில் பிறந்தவன் ஆதலால் அது நடுவயது.

இவற்றுக்கிடையே பிரீ ஊரார் சூட்டிய பட்டப்பெயர் ‘ஸ்ட்ரைடர்’. நீண்ட காலை எட்டி வைத்து விரைந்து நடப்பவன் என்று பொருள். அதில் மதிப்பு இல்லை. இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? டச்சு, சுவீடிஷ் மொழிபெயர்ப்புகளில் தம் பெயர்களுக்கு நேர்ந்ததைக் கண்டு வருந்திய டோல்கீன், பின்வரும் மொழிபெயர்ப்பாளர்களுக்காகப் பெயர்ப்பட்டியல் ஒன்றை விளக்கத்துடன் எழுதினார். அவர் மறைந்தபின் 1975இல் அது நூலில் வெளிவந்தது. அதன் நெறி எளியது: ஆங்கிலச் சொல்லால் ஆன பெயரைப் பொருள் நோக்கி அவ்வம்மொழியில் பெயர்க்கவேண்டும், அவர் படைத்த பிறமொழிப் பெயர்களைத் தொடாமல் விடவேண்டும். இந்நெறிப்படி ஆராகோர்ன் ஆராகோர்னாகவே இருப்பான், ஸ்ட்ரைடர் தமிழாகவேண்டும். ஊர்ப்புறத்தில் நெடிய காலுடையவனை நாம் எவ்வாறு கேலி செய்வோமோ அவ்வாறு: ‘நெட்டைக்காலன்’.

இப்பெயருக்குப் பின்னர் ஒரு திருப்பம் உண்டு. போர் முடிந்த இரவில், புண்பட்டோரைக் காக்க ஆராகோர்ன் நகருக்குள் வருகிறான். அரசனாக அல்லன், கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு, போர்வை போர்த்தி வருகிறான். அவனைக் கண்ட பிப்பின் மகிழ்ச்சி மேலிட்டுப் பழைய பட்டப்பெயரால் கூவி அழைக்கிறான். அருகில் நின்ற இளவரசன் ஒருவன், நம் அரசர்களிடம் பேசும் முறை இதுதானோ என்று வியக்கிறான். முடிசூடும்போது வேறு பெயர் கொள்வான் போலும் என்றும் கூறுகிறான். ஆராகோர்ன் அதைக் கேட்டுவிடுகிறான். அப்பட்டப்பெயரே தன் மரபின் பெயராகும் என்கிறான். பழைய உயர்மொழியில் சொன்னால் அது அவ்வளவு மோசமாக ஒலிக்காது என்று சிரிக்கிறான். ‘டெல்கொன்டார்’ என்னும் அரசமரபுப் பெயர் அவ்வாறு பிறந்தது. பொருள் அதேதான். மொழி மட்டும் உயர்ந்துவிட்டது.

டோல்கீனின் நெறிப்படி அச்சொல்லை அப்படியே விடலாம். ஆனால் பேச்சுவழக்கும் செய்யுள்வழக்கும் இரண்டாக நிற்கும் தமிழில் இதனை நிகழ்த்திக்காட்டும் வாய்ப்பு அரியது. காலைக் குறிக்கும் இலக்கியச் சொல் ‘தாள்’. நெட்டைக்காலன் அரியணை ஏறும்போது ‘நெடுந்தாளன்’ ஆகிவிடுகிறான். ‘தாளாண்மை’ என்பதில் அதே வேர் விடாமுயற்சியையும் குறிப்பதால், அறுபது ஆண்டுகளுக்கு மேல் காட்டிலும் மலையிலும் நடந்தவனுக்கு அப்பெயர் ஆசிரியர் நினையாத ஒரு பொருத்தத்தையும் தருகிறது. ஆசிரியர் வகுத்த நெறியை இந்த ஓரிடத்தில் மீறலாம் என்றே நாம் எண்ணுகிறோம். வகுப்பில் மாணவர்கள் இதனினும் நல்ல சொற்களைக் கண்டால் மகிழ்வோம்.

கேண்டால்ஃபின் பெயர்களோ பருவத்துக்கு ஒன்றாக அமையாமல் நிலத்துக்கு ஒன்றாக அமைந்தவை. வடக்கே கேண்டால்ஃப், வானவரை ஒத்த எல்ஃபு மக்களிடையே மித்ரந்திர், சாம்பல்நிற யாத்திரிகன், குள்ளர்களிடையே தர்கூன், தெற்கே இன்கானுஸ், இளமையில், மேற்கே, ஒலோரின். ஒவ்வொரு மக்களும் தாம் கண்ட அளவுக்கே அவனுக்குப் பெயரிட்டனர். அவனை ‘மந்திரவாதி’ என்று தமிழாக்குவது வழக்கமாகிவிட்டது. எலுமிச்சம்பழமும் உடுக்கையும் நினைவுக்கு வரும் அச்சொல்லை நாம் விரும்புவதில்லை. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது அறிவுடைமை. கையில் கோலுடன் ஊர் ஊராக அலைந்து, மருந்தும் மறைபொருளும் அறிந்து, எங்கும் தங்காத முதியவனைத் தமிழர் ‘சித்தர்’ என்பர்.

வெண்கோலும் செங்கோலும்

டெனெத்தோர் அரசன் அல்லன். இதனை மறந்தால் அவன் துயரமே விளங்காது. அவன் பட்டம் ‘ஸ்டூவர்ட்’. அக்கதையின் ஆண்டுக்கணக்கில் 2050இல் கோண்டோரின் கடைசி மன்னன் பகைவனின் அறைகூவலை ஏற்றுச் சென்று மீளவில்லை. இறந்தான் என்று உறுதியாக அறிந்தவர் இல்லை, வாரிசும் இல்லை. ஆகவே அரண்மனைப் பொறுப்பாளர்கள், மன்னர் மீளும்வரை அவர் பெயரால் ஆள்வோம் என்று சூளுரைத்து ஆளத் தொடங்கினர். 3019 வரை, 969 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக ஆண்டனர். டெனெத்தோர் அவ்வரிசையில் 26ஆமவன். அரியணை மேலே வெறுமையாக இருக்கும்; படிகளின் அடியில் ஒரு கருங்கல் இருக்கையில் அவன் அமர்ந்திருப்பான். அவர்கள் கொடியில் சின்னமே இல்லை, வெறும் வெண்மை.

பரதன் அரியணையில் பாதுகையை வைத்து ஆண்டதை அறிந்த நமக்கு இக்காட்சி அயலானதன்று. பரதன் பதினான்கு ஆண்டு காத்திருந்தான். இவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. மீள்வான் என்று காத்திருப்பது வெறும் சொல்லாகத் தேய்ந்துபோன பிறகு, உண்மையாகவே ஒருவன் மீண்டு வந்து நின்றால், பொறுப்பாளன் என்ன செய்வான்? டெனெத்தோரால் அதனைத் தாங்க இயலவில்லை. அவன் மூத்த மகன் போரொமிர் சிறுவனாக இருந்தபோதே, மன்னர் வராவிட்டால் எத்தனை நூற்றாண்டில் பொறுப்பாளர் மன்னராகலாம் என்று தந்தையைக் கேட்டானாம். அரசுரிமை சிறுத்த வேறு நாடுகளில் சில ஆண்டுகள் போதலாம், கோண்டோரில் பதினாயிரம் ஆண்டும் போதா என்பது தந்தையின் விடை.

நம் வட்டாரத்தில் அவ்வளவு காலம் ஆகவில்லை. மலாக்கா அரசில் சுல்தானுக்கு அடுத்த பெரும்பதவி பெண்டஹாரா. பண்டகசாலையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த பட்டம் அது. நம் ‘பண்டார’மும் அதன் உறவே. 1699இல் ஜொகூர் சுல்தான் வாரிசின்றிக் கொலையுண்டபோது, பெண்டஹாரா அப்துல் ஜலில் தாமே சுல்தானானார். பின்னர் 1819இல் சிங்கப்பூர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவருள் ஒருவரான தெமெங்கோங்கின் வழிவந்த அபு பக்கார், 1885இல் ஜொகூர் சுல்தான் என்னும் பட்டம் பெற்றார். போரொமிரின் கேள்விக்கு ஜொகூர் வரலாறு வேறு விடை தந்திருக்கும். மலாய்ப் பட்டங்களுள் கதைப்பாத்திரமே பட்டமாகிவிட்ட விந்தையும் உண்டு: கடற்படைத் தலைவனைக் குறிக்கும் ‘லக்சமானா’ இராமாயணத்து இலக்குவனே.

‘ஸ்டூவர்ட்’ என்பதைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? பழைய ஆங்கிலத்தில் அச்சொல் மனையைக் காப்பவன் என்னும் பொருளது. தமிழ் விவிலியம் ‘உக்கிராணக்காரன்’ என்றது, களஞ்சியப் பொறுப்பாளன். பெண்டஹாராவுக்கு அது மிக அணுக்கம். ஆனால் இன்றைய மாணவர்க்கு விளங்காது. ‘காவலர்’ என்றால் காவல்துறை நினைவுக்கு வரும். பழந்தமிழிலோ ‘காவலன்’ என்றாலே மன்னன்தான். டெனெத்தோருக்கு அப்பட்டத்தைத் தந்தால், அவனே எடுத்துக்கொள்ளத் துணியாததை நாம் கொடுத்தவராவோம். ‘அமைச்சர்’ என்பது பொருந்தாது. அமைச்சர்க்கு மேலே அரசன் உயிரோடு இருக்கிறான்.

அப்பதவியின் அடையாளம் ஒரு வெண்ணிறக் கோல். இறக்கும்போது டெனெத்தோர் அதை முழங்காலில் வைத்து முறிக்கிறான். அவன் இளைய மகன் ஃபராமிர், முடிசூட்டு நாளில் வெண்கோல் ஒன்றை ஆராகோர்னிடம் ஒப்படைக்கிறான். ஆராகோர்ன் அதனைத் திருப்பித் தந்து, பதவி உன் குடிக்கே உரியது என்கிறான். எனவே ‘வெண்கோலர்’ என்னும் சொல்லை நாம் முன்வைக்கிறோம். செங்கோல் என்றால் அரசு என்று எந்தத் தமிழ் மாணவர்க்கும் தெரியும். வெண்கோல் என்றவுடன் அதில் இல்லாதது எது என்பதும் தெரிந்துவிடும்.

ரோஹான் நாட்டில் நிலைமை தலைகீழ். அங்கே பட்டங்களே பெயர்களாகிவிட்டன. மன்னன் தியோடென், அவன் தந்தை தெங்கல், பாட்டன் ஃபெங்கல் மூவர் பெயரும் பழைய ஆங்கிலத்தில் ‘தலைவன்’, ‘இளவரசன்’ என்னும் பொருளுடைய சொற்கள். வேந்தன், இளங்கோ, அரசு என்று பெயர் கொண்ட மாணவர்கள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும்போது இதனை விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டா. ஷயரில் பட்டங்களுக்கு இன்னும் குறைந்த எடை. அங்கே ஏழாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் நகரத்தலைவனின் தலையாய கடமை விருந்துகளுக்குத் தலைமை தாங்குவது. சாம் அப்பதவிக்கு ஏழு முறை தேர்ந்தெடுக்கப்பட்டான்.

பெயர் இழந்தோர்

பெயர் பெருகியோரைக் கண்டோம். பகைவன் பக்கத்தில் பெயர் தேய்கிறது. மோதிரத்துக்கு அடிமையான ஒன்பதின்மரின் தலைவனுக்குச் ‘சூனிய வேந்தன்’, ‘கரும்படைத் தலைவன்’ என்று பட்டங்கள் உண்டு; ஆளாக இருந்த காலத்துப் பெயர் கதையில் எங்கும் இல்லை. கருங்கோட்டை வாயிலில் தூதுவனாக வரும் ஒருவன், தன் பெயரைத் தானே மறந்தவன். சௌரோனின் வாய் என்றே தன்னை அறிவிக்கிறான். அவனுக்கு எஞ்சியிருப்பது பதவி மட்டுமே.

இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நிற்பவன் கொலம். ஸ்மீகல் என்பது அவன் இயற்பெயர். தொண்டையில் எழும் ஒலியைக் கொண்டு பிறர் இழிவாகச் சூட்டியது கொலம் என்பது. நெடுங்காலம் தனியே இருளில் கிடந்து, தன்னோடும் தன் மோதிரத்தோடும் பேசிப் பேசி, தன்னைப் பன்மையில் சொல்லும் வழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. ஃப்ரோடோ அவனைப் பழைய பெயரால் அழைக்கிறான். அப்பெயர் அவனுள் ஏதோ ஒன்றை அசைக்கிறது.

அவன் சொல்லும் ‘வீ’ என்னும் பன்மைக்குத் தமிழில் இரு சொற்கள் உள்ளன. தன் மோதிரத்திடம் பேசும்போது அவன் ‘நாம்’ என்னவேண்டும். கேட்பதும் அவனுள் அடங்கியதே. ஃப்ரோடோவிடம் பேசும்போது ‘நாங்கள்’ என்னவேண்டும். எதிரே நிற்பவனுக்கு அங்கே இடமில்லை. ஒருகால் அவன் ஃப்ரோடோவையும் சேர்த்து ‘நாம்’ என்றால், வாசகர் நிமிர்ந்து பார்ப்பர்: இவன் நட்புக்கு வந்துவிட்டானா, வஞ்சிக்கப் போகிறானா? ஆங்கிலத்தில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. எந்த இடத்தில் எதை வைப்பது என்பதை மாணவர்கள் வாதிட்டு முடிவுசெய்யும் ஒரு பாடவேளை வீணாகாது.

மிக அரிதாக அவன் தன்னை ஒருமையில் சொல்வதுண்டு. அவ்வாறு சொல்லும்போது அவன் பேச்சில் உண்மை இருப்பதற்கு அதுவே அறிகுறி என்பதை ஃப்ரோடோ கண்டுகொள்கிறான். மொழிபெயர்ப்பவர் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஆங்கிலத்தில் அவ்வொருமை தனிச்சொல்; வாக்கியத்தின் முதலிலேயே நிற்கும்; காதில் விழாமல் போகாது. தமிழில் ‘நான்’ என்பதைச் சொல்லாமலே வாக்கியம் அமையும். ‘பார்த்தோம்’ என்றே பேசிவந்தவன் ஒருமுறை ‘பார்த்தேன்’ என்கிறான். ஃப்ரோடோ கேட்கவேண்டியது அந்த ‘ஏன்’ விகுதியை.